ஒரே ஒரு மெயில் பெட்டி முழு சேர்வரையும் விழுத்துகிறது: தாக்குதலா, வேறு ஏதாவதா?

கப்பல்_கந்தோர்:

வணக்கம். கோட்டையில் ஒரு கிளியரிங் கொம்பனியில் வேலை செய்கிறேன். ஐடி என்று இருப்பது நான் ஒருவன்தான். பிரிண்டர், சிசிடிவி, பெரியவரின் ஐபோன், மெயில் சேர்வர் எல்லாம் என் தலையில். மெயில் சேர்வர் வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சேர்வர்): நாலு கோர், 8 ஜிபி ராம், உபுண்டு 18.04. கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்கொட்டும் எனக்கு முன்னர் இருந்தவர் போட்டுவிட்டுப் போனவை. இவ்வளவு நாளும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

திங்கட்கிழமை மத்தியானம் தொடங்கியது பிரச்சினை. ‘டொப்’ போட்டுப் பார்த்தால் நாலு ஐமேப் (பெட்டியைப் போனுக்கும் அவுட்லுக்குக்கும் காட்டும் வழி) புரொசெஸ், ஒவ்வொன்றும் நூறு வீதம் சிபியு தின்கிறது. டவ்கொட்டை ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு திரும்பவும் அதே கதை. ஒப்பரேஷன்ஸ் என்று ஒரு பொதுப் பெட்டி இருக்கிறது, அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஒன்றுமே திறப்பதில்லை. மற்றவர்களுக்கு மெதுவாகவாவது வருகிறது. அந்தப் பெட்டிதான் எங்களுக்கு உயிர். அரைவல் நோட்டீஸ், டெலிவரி ஓடர் எல்லாம் அதற்குத்தான் வரும். துறைமுக வாசலில் நிற்கும் வார்ஃப் கிளார்க் போனில் கத்துகிறார். கொண்டெய்னர் உள்ளே கிடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்.

பெரியவர் இது போட்டிக் கொம்பனிக்காரன் செய்கிற டீடொஸ் (பல இடத்திலிருந்து ஒரேயடியாக வெள்ளமாக அனுப்பி முடக்குவது) என்று முடிவே கட்டிவிட்டார். விபிஎஸ் தருபவர்களைக் கேட்டேன், டிராஃபிக் வழக்கம்போலத்தான் இருக்கிறது என்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஈமெயில் சேர்வர் மென்பொருளில் சேவை மறுப்புப் பலவீனங்கள் (சேர்வரை முடக்கக்கூடிய ஓட்டைகள்) என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. எங்களுடையது டவ்கொட் 2.2.33. அந்தப் பட்டியல்களின்படி பார்த்தால் எல்லாமே எங்களுக்குப் பொருந்தும் போலிருக்கிறது.

இன்று இரவு கியூவை (வரிசையில் காத்திருக்கும் கடிதங்களை) காலி செய்துவிட்டுப் புதிதாக ஒரு சேர்வர் போடலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் செய்தால் இடையில் வரும் கடிதங்கள் தொலைந்துவிடுமா? அல்லது இதை வைத்துக்கொண்டே ஏதாவது செய்யலாமா?

கொட்டாஞ்சேனை_13:

18.04க்குப் பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. அதை இன்னும் இணையத்தில் திறந்து வைத்திருப்பதே பிழை. என்னைக் கேட்டால் சொந்த மெயில் சேர்வர் என்பதே இந்தக் காலத்தில் வீண் வேலை. கூகிளிடமோ மைக்ரோசொஃப்டிடமோ கொடுத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

அரசாங்கம் பட்டது போதாதா? 2023இல் அரச அலுவலகங்களின் மெயில் இருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில் ரான்சம்வெயார் புகுந்தபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். அங்கே ஓடியது மைக்ரோசொஃப்டின் மெயில் சேர்வரான எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கும் அந்த வருஷம் ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்தது.

தபால்காரி:

தம்பி, முதலில் கியூவில் கை வைக்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்வதையும் நிறுத்துங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடிதங்கள் தொலையுமா என்ற பயம்தான் ஆட்களை அவசரப்படுத்துகிறது. அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் சேர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பியவரின் சேர்வர் கடிதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். கடிதம் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியின் விதியே 4, 5 நாளாவது முயல வேண்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் கைவைக்காமல் விட்டால் 5 நாள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது கந்தோருக்குள்ளேயே சேர்வர் வைத்திருந்தவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர். கரண்ட் வந்ததும் கடிதங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சில தானியங்கி அறிவித்தல்கள் மட்டும் சீக்கிரமே கைவிட்டுவிடும், அவற்றுக்காக ஒரு போன் எடுத்துக் கேட்டால் போதும். ஆனால் உங்கள் கியூவில் ஏற்கெனவே வந்து கிடப்பதை நீங்களே அழித்தால் அதைத் திரும்ப அனுப்ப ஒருவரும் இல்லை. அனுப்பியவருக்கு ‘கிடைத்தது’ என்று உங்கள் சேர்வர் எப்போதோ சொல்லிவிட்டது.

சரி, இப்போது டீடொஸா என்ற கேள்வி. கடிதங்கள் வெள்ளமாக வந்து அடைத்திருந்தால் முதலில் அடிபடுவது போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் அல்ல. மெயில் லொக்கில் எஸ்எம்டிபி சேவை தன் புரொசெஸ் எல்லையான 100ஐத் தொட்டுவிட்டது என்று ஒரு எச்சரிக்கை வரி வரும். அந்த நிலைமையில் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே கறாராகிவிடும்: சாதாரணமாக 300 செக்கன் பொறுத்திருப்பது 10 செக்கனோடு இணைப்பைத் துண்டிக்கத் தொடங்கும். அந்த வரி லொக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரியவரின் போட்டிக் கொம்பனிக்காரனை விட்டுவிடலாம்.

உங்கள் அடையாளங்கள் வேறு கதை சொல்கின்றன. டிராஃபிக் கூடவில்லை, ஒரே பெட்டி, ஐமேப் புரொசெஸ், ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிறது. இது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரே ஒரு கடிதத்தின் வேலை. உங்கள் தொழிலில் வைத்துச் சொன்னால், துறைமுக வாசலில் நூறு லொறி வந்து அடைப்பது ஒன்று. ஒரே ஒரு லொறிக்காரர் மூன்று லட்சம் வரி உள்ள பக்கிங் லிஸ்டோடு கவுண்டருக்கு வந்து, ‘இதைச் சரிபார்த்துத் தாருங்கள்’ என்று நிற்பது இன்னொன்று. வாசலில் கூட்டமே இருக்காது, ஆனால் கவுண்டர் அன்றைக்கு முழுக்க நகராது.

சேவை மறுப்புப் பலவீனம் என்று அந்தப் பட்டியல்களில் வருபவற்றில் பல இந்த இரண்டாவது வகைதான். ஆனால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தரவு திருட முடியாது, சேர்வரைப் பிடிக்க முடியாது, ஆகவே ‘நடுத்தரம்’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடுகிறார்கள். எனக்கு இந்த அலட்சியம் பிடிக்காது. மெயில் சேர்வர் என்பது உலகத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்க வேண்டிய மென்பொருள். பாஸ்வேர்ட் தேவையில்லை, பயனர் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. கடிதம் வந்து சேர்ந்தாலே போதும்.

உங்களுக்கு நெருக்கமானது 2024 ஓகஸ்டில் வெளியான டவ்கொட் சிவிஇ-2024-23184 (சிவிஇ என்பது பலவீனங்களுக்குக் கொடுக்கும் பொது இலக்கம்). கடிதத்தின் தலைப்பில் ‘டு’, ‘சிசி’, ‘ஃப்ரம்’ போன்ற முகவரி வரிகள் மிக அதிகமாக இருந்தால் அவற்றைப் பிரித்துப் படிக்க சிபியு செத்துப்போகும். அறிவித்தலிலேயே கணக்குக் கொடுத்திருந்தார்கள்: ஒரு லட்சம் வரிக்கு 12 செக்கன், நிஜமான ஒரு சேர்வரில் ஐந்து லட்சம் வரிக்கு 18 நிமிஷம். வரி ஐந்து மடங்கு, நேரம் தொண்ணூறு மடங்கு! அதுதான் இதில் உள்ள விஷம். இதற்குப் பெரிய கடிதம்கூடத் தேவையில்லை. ஒரு வரி இருபது பைட் என்று வைத்தால் ஐந்து லட்சம் வரிக்கு 10 எம்பி. போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான அளவு எல்லைக்குள் அப்படியே அடங்கும். ஸ்கேன் செய்த இன்வொய்ஸ் ஒன்றிரண்டு சேர்ந்தாலே அந்தப் பாரம் வந்துவிடும்.

இப்போது ரீஸ்டார்ட் ஏன் கூடாது என்பது. போனோ அவுட்லுக்கோ பட்டியலைக் காட்டுவதற்கு டவ்கொட்டிடம் ஒவ்வொரு கடிதத்தின் உறையையும் கேட்கும்: யார், யாருக்கு, என்ன விஷயம். டவ்கொட் ஒருமுறை படித்ததைக் கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த முறை படிக்காது. படித்து முடிக்கும் முன் நீங்கள் ரீஸ்டார்ட் செய்தால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த போன் வந்து கேட்டதும் முதல் வரியிலிருந்து ஆரம்பம். இடையில் போன் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புதிதாக வரும். பழைய புரொசெஸுக்கு அது தெரியாது, தன்பாட்டில் படித்துக்கொண்டே இருக்கும். ஒரு பயனர் ஒரு ஐபியிலிருந்து 10 இணைப்பு வரை வைத்திருக்கலாம் என்பது டவ்கொட்டின் வழக்கம். கந்தோர் முழுவதும் ஒரே ஐபி என்றால் 10, அதன்மேல் வீட்டு இணையத்திலும் டேட்டாவிலும் நிற்கும் போன்கள் தனி. நாலு கோர் எங்கே போதும்?

செய்ய வேண்டியது இது. டவ்கொட் கொன்ஃபிக்கில் ‘வெர்போஸ் புரொக்டைட்டில்’ என்ற அமைப்பை ‘யெஸ்’ ஆக்கி ஒரு ரீலோட் கொடுங்கள். அதன் பிறகு திறக்கும் இணைப்புகளுக்கு ‘பிஎஸ்’ போட்டால் பயனர் பெயரும் ஐபியும் பக்கத்திலேயே தெரியும். சிபியு தின்னும் புரொசெஸின் எண்ணை எடுத்து, ‘புரொக்’ ஃபோல்டருக்குள் அந்த எண்ணின் கீழே ‘எஃப்டி’ என்று இருப்பதைப் பட்டியலிடுங்கள். அந்த நிமிஷம் அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் வரும். மெயில்டிர் (ஒரு கடிதத்துக்கு ஒரு ஃபைல்) முறை என்றால் ‘கர்’ ஃபோல்டரில் உள்ள ஒரு நீளமான பெயர் அங்கே நிற்கும். ஒன்றுக்கு இரண்டு புரொசெஸில் பாருங்கள். இரண்டிலும் அதே பெயர் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

அந்த ஃபைலை அழிக்க வேண்டாம், வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு அந்தப் பயனரின் புரொசெஸ்களை மட்டும் நிறுத்துங்கள். ‘டவ்அட்மின் கிக்’ போட்டும் அசையாவிட்டால் ‘கில் -9’. முதலில் கொன்றுவிட்டுப் பிறகு நகர்த்தப் போனால், நீங்கள் டைப் செய்து முடிப்பதற்குள் அடுத்த போன் வந்து அதைத் திறந்துவிடும்.

நகர்த்திய ஃபைலில் ‘டு’ என்று தொடங்கும் வரிகளை ‘கிரெப்’பால் எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.

செண்ட்மெயில்_காலத்தவன்:

தபால்காரி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், இந்த நோய் பழசு. 2006 ஜூனில் செண்ட்மெயில் என்ற பழைய மெயில் சேர்வரில் வந்த சிவிஇ-2006-1173ஐப் பாருங்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று அடுக்கிய ஒரு மைம் (இணைப்புகளைக் கடிதத்துக்குள் வைக்கும் முறை) கடிதம் வந்தால் அதைப் பிரிக்கும் பங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து ஸ்டாக் தீர்ந்து விழும். விழுந்ததால் கடிதம் கியூவிலேயே கிடக்கும். அடுத்த கியூ ஓட்டத்தில் மறுபடி அதே கடிதம், மறுபடி விழுகை. பின்னால் நிற்கிற நல்ல கடிதங்களும் போகாது. போதாக்குறைக்கு விழும் ஒவ்வொரு முறையும் கோர் ஃபைல் எழுதி டிஸ்க்கையும் நிரப்பலாம். 8.13.7இல் திருத்தினார்கள்.

14 வருஷம் கழித்து, 2020 ஓகஸ்டில், டவ்கொட்டில் அதே அடுக்குப் பெட்டி: சிவிஇ-2020-12100. எழுதியவர்கள் வேறு, மென்பொருள் வேறு, விழுந்த குழி ஒன்று.

எக்சிம் என்ற இன்னொரு மெயில் சேர்வரும் தப்பவில்லை. 2017 நவம்பரில் ‘பிடாட்’ என்ற கட்டளையை வைத்து 4.88, 4.89 இரண்டையும் முடிவில்லாச் சுற்றில் தள்ளலாம் என்று தெரிந்தது. சிபெனல் என்ற ஹோஸ்டிங் மென்பொருளில் மெயில் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும், அதற்குள் இருப்பது எக்சிம்தான். திருத்தம் வரும்வரை கொன்ஃபிக்கில் ஒரே ஒரு வரி போட்டு அந்த வசதியையே மறைத்துவிடச் சொன்னார்கள். அன்றைக்கு அந்த ஒரு வரியைப் போட்டவர்கள் மற்ற வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கும் ஒன்று. மைக்ரோசொஃப்டிடம் கொடுத்துவிட்டு நித்திரை கொள்ளலாம்தான். ஆனால் 2022 ஜனவரி முதலாம் திகதி எக்ஸ்சேஞ்ச் சேர்வர் வைத்திருந்தவர்கள் யாரும் நித்திரை கொள்ளவில்லை. அதன் மால்வெயார் ஸ்கேனர் தன் பதிப்பு எண்ணைத் திகதியை வைத்து 2201010001 என்று எழுதியது. அதை வைத்திருந்த எண் வகைக்குள் அடங்கும் மிகப்பெரிய எண் 2147483647. ஸ்கேனர் விழுந்தது, கடிதமெல்லாம் கியூவில் நின்றது. புது வருஷ வாழ்த்துகளை மைக்ரோசொஃப்டே தடுத்து வைத்தது, தாக்க வெளியாள் யாரும் தேவைப்படவில்லை.

கொட்டாஞ்சேனை_13:

அது சொந்தக் கட்டடத்தில் வைத்திருந்த எக்ஸ்சேஞ்ச் ஐயா, அவர்களுடைய கிளவுட் அல்ல. என் வாதத்துக்கு அது சாதகம்தானே!

செண்ட்மெயில்_காலத்தவன்:

அது சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனாலும் பத்துப் பதினைந்து பேர் உள்ள கந்தோருக்கு மாதாமாதம் டொலரில் கட்டச் சொல்வது இலகு. கட்டப்போகிறவர் பெரியவர், நாங்கள் அல்ல.

கப்பல்_கந்தோர்:

அக்கா, அகப்பட்டது. மூன்று புரொசெஸில் பார்த்தேன், மூன்றிலும் ஒரே ஃபைல். நகர்த்திவிட்டுக் ‘கிக்’ போட்டேன், அசையவில்லை, ‘கில் -9’தான். இப்போது லோட் ஒன்றுக்கும் கீழே. வார்ஃப் கிளார்க்குக்கு டெலிவரி ஓடர் திறக்கிறது, கத்துவதை நிறுத்திவிட்டார்.

ஃபைலின் அளவு 8 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. ‘டு’ வரிகள் மூன்று லட்சத்தைத் தாண்டுகின்றன! உள்ளே இருக்கும் விஷயம் வெறும் விலை அறிவித்தல், வெளிநாட்டு ஏஜெண்ட் ஒருவர் எல்லோருக்கும் அனுப்பியது. பார்த்தால் அவர்களுடைய அனுப்பும் மென்பொருள் ஒவ்வொருவருக்கும் தனித் தனிக் கடிதம் போடுவதற்குப் பதிலாக ஒரே கடிதத்தில் ‘டு’ வரியைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. ஒரே முகவரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. பெரியவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

லொக்கில் நீங்கள் சொன்ன 100 என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை.

இரண்டு கேள்வி. அந்த ஏஜெண்ட் திரும்ப அனுப்பினால் போஸ்ட்ஃபிக்ஸ் வாசலிலேயே நிறுத்த ஹெடர் செக்ஸில் (தலைப்பு வரிகளைச் சோதிக்கும் அமைப்பில்) ஏதாவது எழுதலாமா? மற்றது, 2.2.33 என்ற எண்ணை வைத்து எது திருத்தப்பட்டது, எது இல்லை என்று எப்படிப் பார்ப்பது?

தபால்காரி:

மூன்று லட்சம், 8 எம்பி. அழகான மாதிரி, பத்திரமாக வைத்திருங்கள். புது சேர்வர் போட்டால் சோதித்துப் பார்க்க உதவும்.

ஹெடர் செக்ஸ் இதற்குச் சரிவராது. அது ஒரு நேரத்தில் ஒரு தலைப்பு வரியை மட்டும் பார்க்கும், எத்தனையாவது ‘டு’ என்று எண்ணாது. ஹெடருக்கு 102400 பைட் எல்லை என்று போஸ்ட்ஃபிக்ஸில் ஒன்று இருக்கிறதே என்று நினைப்பீர்கள், அதுவும் தனித்தனி ஹெடருக்குத்தான். உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு ‘டு’வும் தனியாகப் பார்த்தால் குட்டி. எண்ணக்கூடிய ஒன்று முன்னால் நிற்க வேண்டும். ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டி போட்டால் போதும். ‘டு’ ஒரு கடிதத்தில் ஒரு தடவைதான் வரலாம் என்பது கடித வடிவத்தை வகுக்கும் ஆர்எஃப்சி 5322இன் விதி. அதை மீறினால் ஆர்ஸ்பாம்டி அடையாளம் வைக்கும், அதற்கு நீங்கள் கனமான புள்ளி கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். அதுவரைக்கும் அந்த ஏஜெண்டின் முகவரியை மட்டும் தடுத்துவிட்டு அவருக்கு ஒரு வட்ஸ்அப் போடுங்கள். மற்றக் கந்தோர்களுக்கும் இதே கடிதம் போயிருக்கும், பாவம்.

பதிப்பு எண்ணை நம்பாதீர்கள். உபுண்டு பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே ஒட்டும். 2.2.33 என்று சொல்லும் பக்கேஜுக்குள் 2020இன் அடுக்குப் பெட்டித் திருத்தம் இருக்கலாம். ஆகவே இணையப் பட்டியலை எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை. ‘ஆப்ட் சேஞ்ச்லொக்’ போட்டு டவ்கொட் கோர் பக்கேஜின் வரலாற்றை எடுத்து, அதில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். 12100 இருக்கிறதா, 23184 இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். 2023 மேக்குப் பின்னர் வந்த திருத்தங்கள் உபுண்டு புரோ என்ற நீட்டித்த ஆதரவு இல்லாமல் உங்களுக்கு வந்தே இருக்காது. புரோ 5 மெஷின் வரை இலவசம், சின்னக் கொம்பனிகளுக்கும் பொருந்தும், 18.04ஐ 2028 ஏப்ரல் வரை தாங்கும். இன்றே இணைத்துவிட்டு, சேஞ்ச்லொக்கைத் திரும்பப் பாருங்கள். 23184 அங்கே இல்லையென்றால் இடம் மாறத்தான் வேண்டும்.

மாறும்போது ஒன்று. டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸுக்கு நேராகப் பாய்ந்தால் அதில் டவ்கொட் 2.4. கொன்ஃபிக் எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள், பழையதைக் கொப்பி பண்ணிப் போட்டால் கிளம்பாது. உபுண்டு 24.04இல் 2.3.21, உங்கள் பழைய கொன்ஃபிக் பெரும்பாலும் அப்படியே எடுக்கும், திருத்தங்களும் அப்டேட்டில் வரும். முதல் தடவை தனியாகச் செய்கிறவருக்கு அதுதான் நல்லது. இரவில் செய்யாதீர்கள். சனிக்கிழமை பின்னேரம், துறைமுகத்துக்குப் போகிறவர்கள் குறைந்த பிறகு, கடிதங்கள் உள்ளே வரும் 25ஆம் போர்ட்டை மூடிவிட்டு ஆறுதலாகச் செய்யுங்கள். வெளியே உள்ள சேர்வர்கள் காத்திருக்கும்.

கப்பல்_கந்தோர்:

புரோ இணைத்தாயிற்று, அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. சேஞ்ச்லொக்கில் 12100 இருக்கிறது. 23184ஐ அப்டேட் முடிந்ததும் பார்க்கிறேன். ஏஜெண்டுக்கு ஃபைலின் முதல் நூறு வரியை அனுப்பினேன், அவருடைய பக்கத்தில் யாரோ ‘ஓ’ என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார்.